தூங்கும் காரை எழுப்புவது எப்படி?

30 ஆண்டுகளாகக் கொட்டகையில் ஓடாமல் நிற்கும் அம்பாசிடர் கார் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1958 முதல் 2014 வரை மேற்கு வங்காளத்தில், உத்தரபாராவில் தயாரான கார் அது. புது பாட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பினால் ஓடிவிடாதா? அவசரப்படாதீர்கள்!

நான்கு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும், ஏதேனும் ஒரு வால்வு திறந்தே இருக்கும். அதன் வழியே ஈரக்காற்று புகும். பிஸ்டன் வளையமும் சிலிண்டர்ச் சுவரும் வார்ப்பிரும்பால் ஆனவை. எண்ணெய் வடிந்துபோனதும் இரும்பு துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். ஆகவே வளையம் சுவரோடு இறுகிவிடுகிறது. இந்நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் வலிந்து சுழற்றினால் வளையம் உடையலாம், சுவர் கீறலாம்.

நல்ல மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளில் மெல்லிய எண்ணெயை ஊற்றிச் சில நாள் விட்டுவிடுவார். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதல்லவா? அதே நுண்புழை விளைவால் இந்த எண்ணெயும் துருவின் இடுக்குகளில் ஊறும். பிறகு முன்புறம் கைப்பிடியைப் போட்டு, கையாலேயே மெல்லச் சுற்றிப் பார்ப்பார்.

பழைய பெட்ரோலோ ஆக்சிஜனுடன் சேர்ந்து பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். அதைக் கழுவினால் போதும்.

எஞ்சின் உறுமியதும் சாலைக்குக் கிளம்பலாமா? கூடாது! என்னைக் கேட்டால், எஞ்சினுக்கும் முன்பே கவனிக்க வேண்டியது பிரேக்தான். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அடிக்கடி பிரேக் போடும்போது திரவம் சூடேறி, அதிலுள்ள நீர் ஆவியாகும். திரவம் எளிதில் அமுங்காது, ஆவி அமுங்கிவிடும். அப்போது மிதி தரைவரை போகும், கார் நிற்காது.