உழைத்த கட்டையும் ஓய்ந்த கட்டையும்

மோட்டார் வண்டி ஓடுவதைக் கண்டு வியப்பவர் பலர். அது நிற்பதைக் கண்டு வியப்பவர் மிகச் சிலர். நானும் அண்மைக்காலம் வரை முதல் வகையினனாகவே இருந்தேன். ஓடுவதைவிட நிற்பதே அரிய வித்தை என்பதைத் திருக்கோணமலையில் ஒரு மாலைப்பொழுது எனக்குக் கற்பித்தது.

எங்கள் வீட்டில் பழைய மொறிஸ் மைனர் வண்டி ஒன்று உண்டு. தந்தையார் விட்டுச்சென்ற சொத்து. அன்னையாரை அதில் ஏற்றிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டேன். பிரெடரிக் கோட்டை வாயிலைக் கடந்து மேலேறும் பாதையில், சரிவான ஓரிடத்தில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை முழுவதும் இழுத்துவிட்டேன். அன்னையார் கதவைத் திறந்து ஒரு காலை நிலத்தில் ஊன்றினார். மறுகால் வண்டிக்குள்ளேயே இருந்தது. அவ்வேளையில் வண்டி மெல்லப் பின்னோக்கி நகரத் தொடங்கிற்று!

காற்பிரேக்கை ஓங்கி மிதித்தேன், வண்டி நின்றது. அன்னையார் ஒன்றும் அறியாதவராய் இறங்கிக் கோயில் இருந்த திசையை நோக்கிக் கைகூப்பினார். எனக்கோ உடல் முழுவதும் வியர்த்துவிட்டது.

மறுநாட் காலை அன்புவழிபுரத்தில், ஒரு வேப்பமரத்தடியில் தொழில் செய்யும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "மாஸ்டர், கைப்பிரேக் பிடிக்கிறது பின்சில்லை மட்டுந்தான். கால் வைத்ததும் நின்றது முன்சில்லின் புண்ணியம். பின் பிரேக் பேருக்குத்தான் இருக்குது."

உண்மைதான். ஓடும் வண்டியை நிறுத்தும்போது அதன் பாரம் முன்னே சாய்கிறது. ஆகையால் முன்சக்கரங்களே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. பின் பிரேக்கு தேய்ந்தாலும் ஓட்டுபவன் எளிதில் உணர்வதில்லை. மௌனமாக வளரும் நோய் அது.

நோயறியும் முறையையும் அவர் காட்டினார். மிதி முதல் அமுக்கலில் ஆழமாகச் சென்று, அடுத்த அமுக்கலில் மேலே எழுந்தால், உள்ளே இடைவெளி மிகுந்துவிட்டது. பஞ்சுபோல் நெகிழ்ந்தால் குழாயில் காற்றுப் புகுந்துள்ளது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழிறங்கினால், எங்கோ உட்கசிவு இருக்கிறது. எங்கள் வண்டியின் குறை முதல் வகையைச் சேர்ந்தது.

முன்சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்துப் பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தினார்; கைப்பிரேக்கை விடுவித்தார்; சக்கரத்தைக் கழற்றி, இரு திருகாணிகளை அகற்றி, டிரம்மை இழுத்தெடுத்தார். உள்ளே கருந்தூசு அப்பியிருந்தது. அதை ஊதித் தள்ள முனைந்த உதவிப் பையனை உடனே தடுத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகளின் பின் புற்றுநோயாகவும் முளைக்கலாம். ஈரத்துணியாலேயே துடைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்.

டிரம்முக்குள் பிறைவடிவில் இரு பிரேக் கட்டைகள் இருக்கின்றன. மிதியை அமுக்கினால் எண்ணெய் அழுத்தம் சிறிய சிலிண்டருக்குச் சென்று, கட்டைகளை வெளிப்புறம் தள்ளும். அவை சுழலும் டிரம்மை உராய்ந்து நிறுத்தும். எங்கள் வண்டியின் ஒரு கட்டை, லைனிங்கைப் பிடித்திருக்கும் ஆணித்தலை தெரியுமட்டும் தேய்ந்திருந்தது. மற்றதோ புதியதுபோல் தடித்திருந்தது!

"ஒன்று உழைத்துச் செத்தது, மற்றது சோம்பலாய் இருந்திருக்கிறது" என்றேன் நான்.

"அவசரப்படாதையுங்கோ மாஸ்டர்" என்றார் அவர். இவ்வண்டியின் பின்சக்கரச் சிலிண்டரில் ஒரு பக்கம் மட்டுமே பிஸ்டன் உண்டு. அது ஒரு கட்டையைத் தள்ளும்போது, சிலிண்டர் தன் பள்ளத்தில் எதிர்ப்புறம் வழுக்கி மற்றக் கட்டையைத் தள்ள வேண்டும். எங்கள் கடற்கரையின் உப்புக்காற்றில் பள்ளம் துருப்பிடித்து, சிலிண்டர் அசையாது இறுகிவிட்டது. ஓய்ந்த கட்டை சோம்பியிருக்கவில்லை. அதனை எவரும் தொடவேயில்லை! வகுப்பின் பின்வரிசையில் வாளாவிருக்கிறான் என்று நான் பலமுறை கடிந்துகொண்ட ஒரு மாணவனின் முகம் அக்கணம் என் நினைவில் எழுந்தது.

புதுக்கட்டைகளை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் அதே கதை மீண்டும் நடந்திருக்கும். அவர் பள்ளத்தைச் சுரண்டித் துருவை நீக்கினார். உட்சுவர் குழி விழுந்திருந்த சிலிண்டரை மாற்றினார். ஒருபக்கம் பழுதானாலும் இருபக்கமும் ஒருங்கே கட்டை மாற்ற வேண்டும் என்பது அவர் விதி. இல்லையேல் வண்டி ஒருபுறம் இழுக்கும். ஒரு பக்கத்தைப் பிரிக்கும்போது மறுபக்கத்தை மாதிரியாக விட்டுவைத்தார். சுருள்கம்பி இடம் மாறாதிருக்க அது வழி. பின் புதிய பிரேக் எண்ணெய் ஊற்றி, தொலைவிலுள்ள இடப் பின்சக்கரத்தில் தொடங்கிக் காற்றை வெளியேற்றினார். இறுதியில் டிரம்மின் துளைவழியே சரிசெய்யும் திருகைச் சக்கரம் இறுகும்வரை திருப்பி, ஒரு படி தளர்த்தினார். சக்கரம் தடையின்றிச் சுழன்றது.

1948இல் இலண்டனில் முதன்முதல் காட்சிக்கு வந்த இவ்வண்டியின் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே ஓய்ந்துவிட்டது. இலங்கையில் அது இன்னும் ஓடுவதற்கு இத்தகைய கைகளே காரணம். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இன் பின்னரே அது தளர்ந்தது. 2020 மார்ச்சில் மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. புதியது வாராத காலங்களில், பழையதைப் பழுது பார்ப்பவனே நாட்டை நடத்தினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே சரிவில் வண்டியை நிறுத்தினேன். கைப்பிரேக்கு உறுதியாகப் பிடித்தது. எனினும் முதலில் நான் இறங்கி, பின்சக்கரத்தின் பின்னே ஒரு கல்லை வைத்த பின்னரே அன்னையாரின் கதவைத் திறந்தேன்.

"புதிதாக இது என்ன வழக்கம்?" என்று கேட்டார் அவர்.

"மெக்கானிக் ஐயா சொன்னவர், அம்மா" என்றேன்.