பட்டைக்கோட்டுக்குப் பின்னால் நடக்கும் கணக்கு

பிரான்சு தேசத்துக் கடையில் பிஸ்கோத்துப் பொட்டலம் ஒன்றை எடுக்கும் ஒருவர், அதன் பட்டைக்கோட்டைக் கைப்பேசிக்குக் காட்டிய மாத்திரத்தில் அப்பண்டத்தின் குணதோஷங்கள் திரையில் தோன்றுவது எப்படி? அக்கோடுகளுக்குள் ஆகாரத்தைப் பற்றிய விஷயம் எதுவுமில்லை. 13 இலக்க எண் ஒன்றே உண்டு. அதிலும் கடைசி இலக்கம், முந்திய பன்னிரண்டும் பிழையின்றி வாசிக்கப்பட்டனவா என்று சோதிப்பதற்கே அமைந்தது. அந்த எண்ணைக் கொண்டு, 2012-இல் அங்கே தோன்றி, தன்னார்வலர்கள் பொட்டலத்து மேலுறைகளைப் பார்த்துப் பார்த்துப் பதிந்து வளர்த்த 'ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்' என்னும் தகவல் களஞ்சியத்தில் கைப்பேசி தேடுகிறது.

பிறகு கணக்கு. 2017-இல் பிரான்சு ஏற்ற 'நியூட்ரி-ஸ்கோர்' முறையில், 100 கிராமில் அடங்கிய சக்தி, சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, உப்பு ஆகியவற்றுக்குப் பாதகப் புள்ளிகளும், நார்ச்சத்து, புரதம், பழம், காய்கறி முதலியவற்றுக்குச் சாதகப் புள்ளிகளும் இட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, 'ஏ' முதல் 'ஈ' வரை ஐந்து எழுத்துகளில் ஒன்றை வழங்குகிறார்கள். 100 கிராம் ஏன்? ஒரு வேளைக்கு இவ்வளவு என்று உற்பத்தியாளர் தத்தம் சௌகரியம்போல் குறித்துக்கொள்வதால், பொது அளவின்றி ஒப்பீடு சாத்தியமன்று. ஆயினும், எவரும் ஒரு வேளைக்கு 100 கிராம் அருந்தாத ஆலிவ் எண்ணெய் முதலில் கீழான எழுத்தைப் பெற்று, கணக்கைத் திருத்திய பின்னரே 'பி' ஆயிற்று! ஆகவே, ஒரே இனத்துப் பண்டங்களைத் தம்முள் ஒப்பிடவே இவ்வெழுத்தைப் பயன்படுத்துங்கள். பிஸ்கோத்தையும் எண்ணெயையும் ஒப்பிட வேண்டாம்.