திருத்தும் கடையிலிருந்து வந்த தையல் இயந்திரம்

2019 இல் பயிற்சியொன்றுக்காக ஜப்பான் சென்றிருந்தபோது, நாகோயா நகரிலுள்ள பிரதர் கொம்பனியின் நூதனசாலையைப் பார்க்கக் கிடைத்தது. அனுமதி இலவசம். தட்டச்சு இயந்திரம், தொலைநகல் என்று அக்கொம்பனி செய்த பலதும் அங்கே உண்டு. எனக்கோ தையல் இயந்திரப் பகுதியை விட்டு நகர மனமில்லை. வாழ்வாதார உதவியாகப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்கும் வேலையில் இருப்பவள் நான்.

1908 இல் தொடங்கியபோது இது உற்பத்திக் கொம்பனியே அல்ல. யசுயி கனேகிச்சி என்பவர் நடத்திய, தையல் இயந்திரம் திருத்தும் கடை. அக்காலத்தில் ஜப்பானில் இருந்தவை பெரும்பாலும் வெளிநாட்டு இயந்திரங்கள். மூத்த மகன் மசயோஷி சிறுவயதிலேயே தந்தைக்கு உதவியாக நின்றவர். கழற்றிப் பூட்டிப் பழகிய கைக்குத்தானே எந்த உறுப்பு முதலில் தேயும் என்று தெரியும்! 1928 இல் சகோதரர்கள் சேர்ந்து வைக்கோல் தொப்பி தைக்கும் இயந்திரமொன்றைச் செய்து, அதற்குப் 'பிரதர்' என்றே பெயர் வைத்தார்கள். அது சங்கிலித் தையல்; ஒரே நூல், பொபின் கிடையாது.

வீட்டு இயந்திரம் அவ்வளவு இலகுவானதல்ல. ஊசியோடு இறங்கும் நூலைக் கொக்கி பிடித்து, பொபினைச் சுற்றி எடுத்துவர வேண்டும். மயிரிழை பிசகினாலும் தையல் விட்டுப்போகும். அந்த ஷட்டில் கொக்கியைச் செய்யும் வழியைத் தம்பி ஜித்சுயிச்சி கண்டார். 1932 இல் அவர்களது முதல் வீட்டு இயந்திரம் வந்தது. 1947 இல் ஏற்றுமதியும் ஆரம்பமானது. (தந்தை, மகன்மார் பெயர்கள் தெரிகின்றன. அந்த இயந்திரங்களை மிதித்த பெண்களின் பெயர்கள்?)

எங்கள் கிராமங்களில் துணி போர்த்தி மூலையில் வைத்த எத்தனையோ இயந்திரங்களைக் கண்டிருக்கிறேன். மேலே பிள்ளைகளின் கொப்பிகள் அடுக்கியிருக்கும். கேட்டால், "தையல் விடுது, தங்கச்சி. ரவுணுக்குக் கொண்டுபோக ஓட்டோக் காசுக்கு எங்கே போறது?" என்பார்கள். நான் பார்த்த உதவித் திட்டங்களில் இயந்திரத்தின் விலைக்கு இடமுண்டு, திருத்தச் செலவுக்கு இல்லை.

இத்தனைக்கும் பல வேளைகளில் பழுது சிறியதுதான். ஊசி வளைந்திருக்கும், அல்லது பின்முன்னாக மாட்டப்பட்டிருக்கும். பொபின் பெட்டிக்கடியில் நூல் தூசி அடைத்திருக்கும். எண்ணெய் கண்டு மாதக்கணக்காகியிருக்கும். ஊர் திரும்பியபின் எங்கள் தையல் வகுப்பில் இரண்டு நாட்களை இதற்கென்றே ஒதுக்கினோம். ஷட்டிலைக் கழற்றித் துடைத்து, திரும்பப் பூட்டிக் காட்டிய பின்புதான் சட்டை வெட்டப் போகலாம்.

உங்கள் சங்கத்தில் இயந்திரம் கொடுக்கிறார்களா? கூடவே ஒரு திருகாணிச் சாவி, எண்ணெய்ப் போத்தல், ஒரு பக்கெற் ஊசி ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள்.