கைக்குட்டை தடுக்காத தூசு

2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. சுமத்ராவில் காடும் சதுப்பு நிலமும் எரிந்த புகை அது. கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு எல்லாம் சில நாள்களில் தீர்ந்துவிடும். கவலைக்குரியது பிஎம் 2.5 எனும் நுண்துகள். தலைமுடித் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே இருப்பதால், மூக்கில் சிக்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும். மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலந்து, இரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்கும். ஆகவே புகைமூட்ட நாள்களில் ஆஸ்துமா நோயாளிகள் மட்டுமல்லாமல், இதய நோயுள்ள முதியவர்களும் வீட்டுக்குள் இருப்பதே நல்லது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நடைப்பயிற்சி போவோரும் உண்டு! துணி இத்துகளைப் போதிய அளவு தடுக்காது. என்95 முகக்கவசமும் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் பலன். சன்னல்களை மூடிவிட்டுச் சாம்பிராணி போட்டால், அதே துகள் வீட்டுக்குள்ளேயே நிறைந்துவிடும்.