உங்களுக்குத் தெரியுமா? ஜூன் 15 வரை வாய் திறக்கக் கூடாது!

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டின் உச்ச மட்டமான முதல் பிரிவைச் சேர்ந்த கல்லூரியின் நீச்சல் பயிற்சியாளர், ஒரு மாணவர் பத்தாம் வகுப்பு முடிக்கும் ஆண்டின் ஜூன் 15 வரை அவரிடம் அணிச் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி அப்படி. மாணவர் மின்னஞ்சல் அனுப்பலாம், பதில்தான் வராது. ஆனால் மாணவரின் போட்டி நேரங்களைப் பயிற்சியாளர் கவனிக்க எந்தத் தடையும் இல்லையே!

வெளிநாட்டு மாணவருக்கு இன்னொரு தலைவலி. அங்கே கல்லூரிப் போட்டிகள் 25 கெஜக் குளத்தில், அதாவது 22.86 மீட்டரில் நடக்கின்றன. 50 மீட்டர் குளத்தில் எடுத்த நேரத்தை மாற்றிக் கணக்கிட்டுத்தான் ஒப்பிட முடியும்.

உதவித்தொகையா? ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. மற்ற முதல் பிரிவுக் கல்லூரிகளிலும் 2024-25 வரை ஆண்கள் அணி ஒன்றுக்கு உச்சவரம்பு 9.9 முழு உதவித்தொகைதான்; அதையும் பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.