கவிழ்ந்த வண்டியின் சீட் பெல்ட்

ஹைதராபாத்துக்கு மேற்கே 70 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், விகாராபாத்தை அடுத்த அனந்தகிரிக் குன்றுகளின் செம்மண் தடங்களில், மழைக்கால விடுமுறை நாட்களில் ஃபோர் பை ஃபோர் வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதில் நகரத்து இளைஞர்களுக்கு உற்சாகம் அதிகம். சேற்றில் வழுக்கியோ, பாறையில் ஒரு சக்கரம் ஏறியோ, மெதுவாகவே ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு சுற்று உருண்டுவிட்ட வண்டி, கயிறு கட்டி நிமிர்த்தப்பட்டுப் பட்டறைக்கு வந்து சேர்ந்ததும், உரிமையாளரின் கண் முதலில் செல்வது நசுங்கிய கூரையின்மேலும் நொறுங்கிய கண்ணாடியின்மேலுந்தான். அவரை இருக்கையோடு பிணைத்து வைத்துப் பிராணனைக் காத்த, ஐந்து சென்டிமீட்டர் அகலங்கூட இல்லாத அந்த நாடாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டிங்கரிங் முடிந்து, பெயின்ட் காய்ந்து, வண்டி புதுப்பொலிவுடன் வெளியேறும்போது, பழைய பெல்ட்டே மீண்டும் தோளின் குறுக்கே வந்து அமர்கிறது. இது அபாயகரமான அலட்சியம் என்பதே என் கட்சி.

வண்டி உருளும்போது மனித உடலுக்கு நேர்வது என்ன என்பதை ஹைதராபாத் மிகுந்த துக்கத்துடன் அறிந்திருக்கிறது. 2018 ஆகஸ்டு 29-ஆம் தேதி அதிகாலையில், நெல்லூர்ச் சீமையில் ஒரு திருமணத்துக்காகத் தாமே காரை ஓட்டிச் சென்ற தெலுங்கு நடிகர் நந்தமூரி ஹரிகிருஷ்ணா, நல்கொண்டா மாவட்டத்தில் வண்டி தடுப்பில் மோதி உருண்டபோது வெளியே எறியப்பட்டு உயிரிழந்தார். அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்றே அன்றைய செய்திகள் கூறின. அதே மாவட்டத்துச் சாலையில்தான் 2014-இல் அவருடைய மூத்த மகன் ஜானகிராமும் விபத்துக்கு இரையாகியிருந்தார். முன்புற இருக்கையில் இருப்பவரின் மரண அபாயத்தை சீட் பெல்ட் கார்களில் 45 சதவீதமும், ஜீப், எஸ்.யூ.வி. போன்ற உயரமான வண்டிகளில் 60 சதவீதமும் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு. உயரமான வண்டி எளிதில் உருள்கிறது. உருளும் வண்டியிலோ மனிதன் ஜன்னல் வழியே வெளியே வீசப்படுவதே பெருங்கேடு.

இந்தச் சாதனத்தின் சூட்சுமம் அறியத்தக்கது. 1959-இல் ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனியில், அதற்கு முன் போர் விமானங்களில் விமானியை வெளியே வீசும் இருக்கைகளை வடிவமைத்துவந்த நில்ஸ் போலின் என்னும் பொறியாளர், தோளையும் இடுப்பையும் ஒரே நாடாவால் மூன்று முனைகளில் பிணைக்கும் முறையை வகுத்தார். அந்தக் காப்புரிமையைப் பிற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ இடங்கொடுத்தது. இன்று நாடா சென்று சுருளும் ரிட்ராக்டர் பெட்டிக்குள் சிறியதோர் எஃகுக் குண்டோ ஊசலோ இருக்கிறது. வண்டி திடீரென வேகங் குறைந்தாலும், அளவுக்கு மீறிச் சாய்ந்தாலும் அது நகர்ந்து பற்சக்கரத்தைப் பூட்டிவிடும். 12 பாகை வரையிலான சாய்வில் பூட்டக்கூடாது, 27 பாகையைக் கடந்தால் பூட்டியே தீரவேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் 16-ஆம் விதி. ஆகவே செங்குத்தான மேட்டில் நிற்கும் ஜீப்பில் பெல்ட் இழுத்தால் வராமல் நிற்பது குறையன்று, குணமே.

இதை அறியாமையால் பட்டறைகளில் ஒரு விபரீதம் நேர்கிறது. வண்டியின் கதவுத் தூணிலிருந்து கழற்றிய ரிட்ராக்டரை மேஜைமேல் படுக்கவைத்து நாடாவை இழுத்துப் பார்க்கும் கையாள், அது அசையாததைக் கண்டு, "பெல்ட் ஜாம் ஆகிவிட்டது, உஸ்தாத்" என்று சொல்லிப் பெட்டியைத் திறக்க முனைகிறான். உள்ளே இறுகிச் சுருண்டிருக்கும் வில் பாய்ந்து கையைக் கிழிக்கிறது, நல்ல நிலையில் இருந்த யந்திரமும் பாழாகிறது. வண்டியில் எந்தக் கோணத்தில் நின்றதோ அதே கோணத்தில் நிமிர்த்திப் பிடித்தால், பூட்டு தானே விடுபட்டு நாடா நழுவி வருவதை அவனே பார்த்திருக்கலாம்.

ஆனால் நிமிர்த்தியும் நகராத பெட்டி வேறு கதை சொல்கிறது. பல வண்டிகளில் பிரீடென்ஷனர் என்னும் வெடிமருந்துச் சிமிழ் உண்டு. மோதிய கணத்தில் அது வெடித்து நாடாவை உடலோடு இறுக்குகிறது. ஒருமுறை வெடித்த சிமிழுக்கு மறுபிறவி கிடையாது. அதோடு, விலா எலும்பு முறியாதிருக்க நாடாவைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும் முறுக்குத் தண்டு ஒன்று சுருளின் அச்சில் இருக்கிறது. பிழிந்த துணியைப்போல் ஒருமுறை திருகிக்கொண்டபின் அதற்கு மீண்டும் அந்தச் சக்தி இல்லை. வெளியிலிருந்து பார்க்க இவ்விரண்டும் தென்படா. நாடாவோ தன் கதையை வெளிப்படையாகவே சொல்லும்: முழுவதும் வெளியே இழுத்து, வெயில் வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்த்தால், தோளுக்கு மேலுள்ள வளையத்தில் உராய்ந்த இடத்தில் நூல் உருகிப் பளபளப்பதும், பக்கிளில் செருகும் நாக்கின் பிளாஸ்டிக் உறையில் இழுபட்ட தழும்பும், மடிப்புத் தையலில் அறுந்த இழைகளும், நெசவுக்குள் புதைந்த கண்ணாடித் துகளும் புலப்படும். ஏறக்குறைய 1,500 கிலோ எடையைத் தாங்கவேண்டிய நாடாவில் இத்தகைய குறிகளில் ஒன்று தென்பட்டாலும், அதை முழுத் தொகுதியாக மாற்றுவது தவிர வேறு பரிகாரமில்லை. கூடாரத் துணி தைக்கும் கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்வதைப் பரிகாரம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ராணிகஞ்சிலும் ஆட்டோநகரிலும் எந்த வண்டிக்கும் எந்தப் பாகமும் கிடைக்கும் என்ற பெருமை ஹைதராபாத்துக்கு உண்டு. அந்தச் சாமர்த்தியத்தை நான் மதிக்கிறேன். எனினும் இன்னொரு விபத்து வண்டியிலிருந்து கழற்றிய பெல்ட்டைப் பூட்டுவதும், ஏர்பேக் விளக்கு எரியாதிருக்கச் சிறு மின்தடையம் ஒன்றைச் செருகிக் கம்ப்யூட்டரை ஏமாற்றுவதும் சாமர்த்தியத்தில் சேரா. பெல்ட் அணியாமலே எச்சரிக்கை ஒலியை அடக்கும் கிளிப்புகளை விற்ற ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உத்தரவிட்டபோது, 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் தேசத்தில் பெல்ட் அணியாமல் மாண்டோர் 16,715 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. வெடித்த சிமிழோடு ஓடும் வண்டியில் பெல்ட் அணிந்தவரோ, அணிந்தும் அரைப் பாதுகாப்புடனேயே செல்கிறார். அதை அவர் அறியார் என்பதுதான் என்னை வருத்துவது.

பணத்தின் நெருக்கடியும் உண்மையே. இன்ஷூரன்ஸில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் ஏர்பேக்குக்கும் தேய்மானமாகப் பாதித் தொகை கழிக்கப்படுகிறது. தேய்மானக் கழிவில்லாத பாலிசி எடுக்காதவர் மீதியைக் கையிலிருந்து தரவேண்டும். இருந்தாலும் சர்வேயர் வந்து பார்க்கும் நாளிலேயே பெல்ட்டுகளையும் காட்டி மதிப்பீட்டில் எழுதச் செய்வது அவசியம். கூரைக்கும் கதவுக்கும் எழுதிவிட்டு, இதை மறந்து, பின்னர் வருந்துவோர் பலர்.

முப்பதாண்டுக்கு முற்பட்ட பழைய ஜீப்புகளின் விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை தேவை. அவற்றில் பலவற்றுக்குப் பெல்ட் பிற்பாடுதான் பொருத்தப்பட்டது. தரைத் தகட்டில் துளையிட்டு, ஒரு வாஷரோடு போல்ட்டை முறுக்கிவிட்டிருப்பார்கள். துருப்பிடித்த அந்தத் தகடு, உருளும் வண்டியில் மனிதனின் எடையைத் தாங்காமல் போல்ட்டோடு பிய்ந்துவிடும். அடியில் தடித்த எஃகுத் தகடு வைத்து, பெல்ட்டுக்குரிய உறுதிமிக்க போல்ட்டால் பிணைக்கவேண்டும். புதிய வண்டிகளிலும், நடுத்தூண் வளைந்திருந்தால், தூணை நேராக்குமுன் அதன்மேல் புதுப் பெல்ட்டைப் பூட்டுவது வீண். தோள்முனை ஓரிரு அங்குலம் இடம் மாறினாலும் நாடா கழுத்தில் ஏறிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, கம்பெனிக் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்கவேண்டும். வெடிக்காத சிமிழின் கம்பியில் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்ப்பது அதை முகத்தெதிரே வெடிக்கச் செய்துவிடக்கூடும். புதுத் தொகுதி பூட்டியபின் ஸ்கேனரில் பழைய குறியீடுகளை அழித்து, ஏர்பேக் விளக்கு சாவியைத் திருப்பியதும் எரிந்து சில விநாடியில் அணைகிறதா என்று உரிமையாளரே பார்க்கவேண்டும். பிறகு கழற்றிய பெல்ட்டைக் கேட்டு வாங்கி, தம் கண்ணெதிரிலேயே நாடாவைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிவிடச் சொல்வது நல்லது. அப்படி வெட்டாத பெல்ட்டுதான் துடைத்து மடிக்கப்பட்டு, பழைய உதிரிபாகக் கடையின் கொக்கியில் இன்னொருவருக்காகத் தொங்குகிறது.