பிள்ளை வெருகும் அல்கிரையும்

வளர்ந்த பூனை தன் பசியைத் தானே தீர்த்துக்கொள்ள வல்லது. தாயைப் பிரிந்த குட்டியோ இடுவார் கையை நோக்கியே உயிர் வாழ்வது. அதற்கு எதனை இடுவது, எவ்வளவு இடுவது, நாளொன்றுக்கு எத்தனை முறை இடுவது என்பவற்றை அறியாமல் இடும் உணவு அருளினால் இடப்பட்டதாயினும் அதன் உயிரைப் போக்கிவிடும். ஆதலின் இச்சிறு பொருளைப் பற்றிச் சில கூறுதல் மிகையாகாது.

தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்குங்கால், மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கிற்கும் குட்டி என்னும் பெயர் உரியது என்றார். பறழ் என வழங்கினும் குற்றமில்லை என்றார். வெருகைப் பூசை என்று சொல்வதும் மரபே என்பது அவ்வியலால் பெறப்படும். இளமைக்குத் தனிப்பெயர் இட்டமை பொருளுடையது. குட்டி என்பது சிறியதொரு பூனை அன்று. அதன் உடலியல்பே வேறு. பிறக்கும்பொழுது ஏறக்குறைய 100 கிராம் நிறையுள்ள குட்டி, இரண்டு மாதத்தில் ஏறத்தாழ எட்டு மடங்காகின்றது. பத்து வார வயதில், நிறைக்கு நிறை ஒப்பிடின், வளர்ந்த பூனையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு உணவாற்றல் அதற்கு வேண்டும். வேண்டுவதோ மிகுதி; கொள்ளும் வயிறோ சிறிது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள இடர்ப்பாட்டை நீக்கும் வழி ஒன்றே: சிறிது சிறிதாகப் பன்முறை இடுதல்.

இதனைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் எத்துணை நுட்பமாகக் கண்டிருக்கிறார்! 107ஆம் பாட்டிலே, தன்னை இன்றுயிலினின்றும் எழுப்பிய சேவலைத் தலைவி வைகின்றாள். நள்ளிரவில் வீட்டெலியை நோக்கியிருக்கும் பிள்ளை வெருகிற்கு நீ அல்கிரை ஆவாயாக என்பது அவள் சாபம். பாடியவர் மதுரைக் கண்ணனார். அல்குதல் தங்குதலாதலின், அல்கிரை என்பது ஒரே வேளையில் உண்டு தீர்க்காது, வைத்திருந்து சிறிது சிறிதாக உண்ணும் இரையாம். தன் விருப்பப்படி உண்ணவிட்டால் பூனை ஒரு நாளில் எட்டு முறைக்கு மேலும் சிறிது சிறிதாக உண்ணும் என்று இற்றைநாள் ஆய்வாளர் கூறுவர். சங்கப் புலவரின் ஒரு சொல்லில் அவ்வியல்பு அடங்கிக் கிடக்கின்றது.

பால் பற்றிய எண்ணத்தை மட்டும் நாம் திருத்திக்கொள்ளல் வேண்டும். கம்பர் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைத் தமக்கு உவமை கூறினார். உவமை அழகியது, ஆயினும் அது உணவு விதி ஆகாது. பசுவின் பாலில் உள்ள பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பால்குடி மறந்த பூனைக்குக் குறைந்துவிடும். பால்குடிக் குட்டிக்கும் பசும்பால் ஏற்றதன்று. தாய்ப்பூனையின் பாலில் உள்ள புரதத்தில் பாதியளவே அதில் உண்டு. கடையில் விற்கும் நம் பால்மாவும் பசுவின் பாலே. வயிற்றுப்போக்கினால் நீர் வற்றிய சிறு குட்டி ஓரிரு நாளில் மடிந்துவிடும்.

சென்ற ஆண்டு பேசாலையிலிருந்து வரும் மாணாக்கன் ஒருவன், தாயை இழந்த இரண்டு குட்டிகளை அட்டைப் பெட்டியில் வைத்து என்னிடம் கொணர்ந்தான். “ஐயா, பசும்பால் வேணுமட்டும் குடுத்தனான். இப்ப வயித்தாலை போகுது” என்றான்.

“ஆருக்கு வேணுமட்டும், தம்பி? உன்ரை கைக்கோ, அதின்ரை வயித்துக்கோ?” என்று கேட்டேன். அவன் விடை கூறவில்லை.

மிருக வைத்தியரிடம் சென்றோம். முதலில் உடலைச் சூடாக்குக, குளிர்ந்த குட்டிக்குச் செரிமானம் இல்லை என்றார். பசும்பாலை நிறுத்தி, பூனைக்குட்டிக்கென்றே செய்யப்படும் பால்மாவை வாங்கச் சொன்னார். அது வவுனியாவிலிருந்து வந்து சேருமுன்னர் மெலிந்த குட்டி இறந்தது. எஞ்சியதன் நிறை 280 கிராம். வயது மூன்று வாரம். வைத்தியர் கணக்கு இது: 100 கிராம் நிறைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் கரைத்த பால், ஒருமுறைக்கு 4 மில்லிலீற்றருக்கு மேற்படலாகாது. ஆகவே அக்குட்டிக்கு நாளில் 56 மில்லிலீற்றர், ஐந்து வேளை, வேளைக்கு 11. மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுட் புகும். குப்புறக் கிடத்தி, தாய்மடியில் குடிக்கும் நிலையிலேயே ஊட்டுதல் வேண்டும். மாணாக்கன் நாள்தோறும் அதனை நிறுத்துக் கொப்பியிற் குறித்தான். ஒரு நாள் 10 கிராம், ஒரு நாள் 15. மூன்று வாரத்தில் 520 கிராம் ஆயிற்று.

பால் மறந்தபின் மன்னார்க் கரையிலே வேறோர் இடர் காத்திருக்கின்றது. அது மீன். பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் தலைமன்னாரிலும் வலை கரையேறும் வேளையில் குட்டிகளுக்குப் பச்சை மீனும் குடலும் வேண்டியமட்டும் கிடைக்கும். இயற்கை உணவு அன்றோ என்று நாம் எண்ணுவோம். பச்சை மீன்கள் பலவற்றில் தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் நொதி ஒன்று உண்டு. அதனையே நாளும் உண்ணும் குட்டி உணவை வெறுத்துத் தலை தாழ்ந்து தள்ளாடி, வலிப்பும் கொள்ளும். அவித்தால் அந்நொதி அழியும். ஆயின் பூனைக்கு இன்றியமையாத டோரின் என்னும் பொருள் அவித்த நீரில் இறங்கிவிடும். ஆதலால் அந்நீரையும் உடன் கலந்து கொடுத்தல் வேண்டும். டோரின் குறைந்தால் பூனையின் கண்ணொளி கெடும் என்பதை 1975இலும், இதயம் தளரும் என்பதை 1987இலும் ஆய்வாளர் நிறுவினர். சோற்றில் அது இல்லை. மீன்குழம்பு பிசைந்த சோறும் ஆகாது. அதிலுள்ள வெங்காயமும் உள்ளியும் பூனையின் குருதியைக் கெடுப்பன. உப்பேறிய கருவாடு குட்டிக்கு உரியதன்று. சூடை, சாளை முதலிய நெய்ப்பற்றுள்ள மீனையே நாளும் இட்டால் உடற்கொழுப்பு அழன்று நோவுண்டாகும். எனவே மீன் ஒரு பங்காக, முள் நீக்கி அவித்த மீனும் கோழியிறைச்சியும் முட்டையும் மாறி மாறி இடுக. வளரும் குட்டிக்கென்று செய்த உணவு வாங்க இயன்றால் அதனையே முதன்மையாகக் கொள்க. எலும்பு வளர்ச்சிக்குரிய சுண்ணச்சத்து வெறும் இறைச்சியிற் போதாது.

இனி வேளைக் கணக்கு. முதல் வாரத்தில் 2 அல்லது 3 மணிக்கொருமுறை, இரவிலும். அடுத்த இரு வாரத்தில் 3 முதல் 5 மணிக்கொருமுறை. நான்காம் வாரத்தில் தட்டையான கலத்தில் குழைத்த உணவை நக்கப் பழக்குக. எட்டாம் வாரத்தில் பாலை நிறுத்தலாம். அதன்பின் நான்கு மாதம் வரை நாளுக்கு 4 வேளை; ஆறு மாதம் வரை 3; அப்பால் 2. ஓராண்டு நிறைந்தால் அது வளர்ந்த பூனை. உண்டபின் வயிறு உருண்டிருக்கலாம்; இறுகியிருத்தலாகாது. நம் வெயிலில் ஈரவுணவு விரைவிற் கெடுமாதலின், எஞ்சியதை அரைமணியில் அகற்றுக. வறண்ட இத்தீவில் கலத்தில் நல்ல நீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். பூனை இயல்பாகவே குறைய நீர் அருந்துவது.

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், முன்னுண்டது அற்றமை அறிந்து, பசித்து, அளவாக உண்க என்கிறார். அவ்விதியைத் தானே அறிந்து ஒழுகுவதற்கு மனிதனுக்கு அறிவு உண்டு. குட்டிக்கு அற்றதையும் பசித்ததையும் அறிய வேண்டியவர் இடுபவர். பல்லுயிர் ஓம்புதலைத் தலையாய அறமாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள், ஓம்புதற்கு இரக்கத்தோடு ஒரு தராசும் ஒரு கடிகாரமும் வேண்டும் என்பதனையும் மாணாக்கருக்குச் சேர்த்துச் சொல்லுதல் நன்று.